கார் ஏறும் வாசலுக்கு எந்தத் தளம்? ஜல்லி, பேவர், புல், துளைக் கான்கிரீட்

மொட்டைமாடியில் இருக்கும் ஆயிரம் லிட்டர் தொட்டியை அப்படியே தெருவில் கவிழ்த்தால் எப்படி இருக்கும்? 40 சதுர மீட்டர் வாசலுக்கு முழுக்க சிமெண்ட் போட்டு வைத்தால், 25 மி.மீ. மழையில் கிட்டத்தட்ட அதுதான் நடக்கிறது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை பெய்தால் ஒரு லிட்டர், கணக்கு அவ்வளவுதான்.

அந்தத் தண்ணீர் விழுந்த இடத்திலேயே மண்ணுக்குள் போக வேண்டும். அதே தளத்தில் தினமும் கார் ஏறி இறங்க வேண்டும், காலில் சேறும் ஒட்டக்கூடாது. இதற்கு ஏற்ற தளங்கள் நாலைந்து உண்டு. எல்லாரும் மேலே தெரிவதைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். நான் கீழே இருந்து தொடங்கச் சொல்வேன். தண்ணீரைப் பிடித்து வைப்பது அடியில் இருக்கும் ஜல்லிப் படுகை. தூள் கலக்காத ஜல்லியில் 30 முதல் 40 சதவீதம் வெற்றிடம் இருக்கும். அதை 30 செ.மீ. ஆழத்துக்குப் போட்டால் 9 முதல் 12 செ.மீ. மழையைத் தாங்கி, மெல்ல மெல்ல மண்ணுக்குள் இறக்கும். ஆனால் வேலைக்கு வருபவர் பழக்க தோஷத்தில் கிரஷர் தூளைக் கலந்து கெட்டிப்படுத்திவிட்டால் அந்த வெற்றிடம் போச்சு. அப்புறம் மேலே எதைப் போட்டும் பிரயோஜனமில்லை.

இருப்பதிலேயே எளிமையானது வெறும் ஜல்லி. செலவு குறைவு, எங்கேயும் கிடைக்கும், எண்ணெய் சொட்டினால் நாலு கை அள்ளிப் போட்டுவிட்டுப் புதிதாகக் கொட்டலாம். உருண்டைக் கூழாங்கல் பார்க்க அழகுதான், ஆனால் சக்கரத்துக்கு அடியில் உருளும். உடைத்த கல்லாக, 20 மி.மீ. அளவில் எடுத்தால் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். ரொம்பப் பொடியாக இருந்தால் டயர் பள்ளத்தில் சிக்கித் தெருவரை போய்விடும். நான் முதன்முதலில் போட்டபோது இதெல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தேன், ஒன்றைத் தவிர. மண்ணுக்கும் கல்லுக்கும் நடுவே ஜியோ டெக்ஸ்டைல் துணியை, அதாவது தண்ணீரை விட்டு மண்ணையும் கல்லையும் பிரித்து வைக்கும் துணியை, விரிக்கவில்லை. மழைக்காலம் முடியும்போது பாதி ஜல்லியைக் காணோம். யாரும் அள்ளிப் போகவில்லை, ஈர மண்ணில் சக்கரம் அழுத்தி அழுத்தி உள்ளே இறக்கிவிட்டது.

துணி போட்டாலும் ஜல்லிக்கு வேறு குறைகள் உண்டு. சக்கரம் திரும்பும் இடத்தில் பள்ளம் விழும், சரிவில் கல் கீழே இறங்கும். சைக்கிள் ஸ்டாண்டு நிற்காது, சக்கர நாற்காலி நகராது. களை வரும். துணி போட்டால் களை வராது என்று சொல்வார்கள், நம்ப வேண்டாம். பெரும்பாலான விதை காற்றில் பறந்து வந்து மேலே சேரும் தூசியில்தான் முளைக்கிறது.

இந்தக் குறைகளில் பாதியை பிளாஸ்டிக் தேன்கூட்டுத் தட்டு தீர்த்துவிடும். அறுகோண அறைகள் கொண்ட தட்டைச் சமமாகப் பரப்பி, அறைகளுக்குள் ஜல்லியை நிரப்பி, மேலே ஒரு விரல் கனத்துக்குத் தூவிவிட்டால் கல் நகராது. ஸ்டாண்டும் ஓரளவு நிற்கும். ஓரத்தில் கரைக்கல் வைத்துக் கட்டுவது முக்கியம். இல்லாவிட்டால் தட்டின் விளிம்பு ஒரு வருடத்தில் தலை தூக்கும்.

நீர்புகு பேவர் பிளாக் இன்னொரு ரகம். இதில் பலருக்கும் ஒரு குழப்பம்: தண்ணீர் கல்லின் வழியாக இறங்குவதில்லை, கல்லுக்குக் கல் விட்ட இடைவெளியில் இறங்குகிறது. மொத்தப் பரப்பில் இந்த இடைவெளி 5 முதல் 15 சதவீதம்தான், ஆனாலும் சரியாகப் போட்டால் கொட்டுகிற மழைக்கும் போதும். அந்த இடைவெளியில் நிரப்ப வேண்டியது 2 முதல் 5 மி.மீ. வரையிலான பொடிக் கல் சிப்ஸ், மணல் அல்ல. எங்கள் வாசலில் கல் பதித்தவர் நல்ல வேலைக்காரர், மட்டம் பிசகவில்லை. ஆனால் கடைசி நாள் நான் வெளியே போயிருந்த நேரத்தில், வழக்கம்போல நைஸ் மணலைக் கொட்டித் துடைப்பத்தால் கூட்டி நிரப்பிவிட்டார். திரும்பி வந்து ஒரு வாளி தண்ணீரை ஊற்றினேன். அது கண்ணாடி மாதிரி பரவி, வாட்டத்தைப் பார்த்துக் கேட்டுக்கு ஓடியது. “சார், மணல் போட்டாத்தான கல்லு ஆடாது” என்றார். அவர் சொன்னது சாதாரண பேவருக்குச் சரி. கம்பியால் கிளறி, காற்றடித்து மணலை எடுத்துச் சிப்ஸ் போட இரண்டு நாள் ஆனது.

கல்லின் தடிமன் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். நடைபாதைக்கு 60 மி.மீ. போதும், கார் ஏறும் இடத்துக்கு 80. காலப்போக்கில் இடுக்கில் தூசி அடைக்கும். அப்போது மேல் இரண்டு மூன்று செ.மீ. சிப்ஸை மட்டும் எடுத்துவிட்டுப் புதிதாக நிரப்பினால் பழையபடி குடிக்க ஆரம்பிக்கும். அடியில் குழாய் உடைந்தாலும் நாலு கல்லைப் பெயர்த்து வேலையை முடித்து, அதே கல்லை வைக்கலாம். நடக்க, பெருக்க, வண்டி தள்ள எல்லாவற்றுக்கும் இதுதான் சுகம். செலவும் அதற்கேற்ப.

ஓட்டைகளில் மண் நிரப்பிப் புல் வளர்க்கும் கட்டக் கல்லைப் படத்தில் பார்த்தால் ஆசை வரும். எப்போதாவது வந்து போகும் வண்டிக்குச் சரி. ஒரே இடத்தில் ராத்திரி பகலாகக் கார் நின்றால் அடியில் வெயில் படாது, எஞ்சின் சூடு வேறு. நான்கு மாதத்தில் கார் வடிவில் ஒரு மொட்டைத் திட்டு மிஞ்சும். தண்ணீர் ஊற்றி, வெட்டி, பராமரிக்க ஆள் இருந்தால் யோசியுங்கள்.

துளைக் கான்கிரீட்டில் மணல் கிடையாது அல்லது பெயருக்குத்தான் இருக்கும். ஜல்லியைச் சிமெண்ட் பாலால் ஒட்டவைத்த மாதிரி, 15 முதல் 25 சதவீதம் துளை. புதிதாக இருக்கும்போது சதுர மீட்டருக்கு நிமிடத்துக்கு 100 லிட்டருக்கு மேல் குடிக்கும், வாளியைக் கவிழ்த்தால் சத்தமில்லாமல் மறையும். ஆனால் கலவையில் தண்ணீர் கொஞ்சம் கூடினால் பால் அடியில் இறங்கித் துளையை அடைத்துவிடும், குறைந்தால் கல் உதிரும். போட்ட கையோடு பிளாஸ்டிக் ஷீட் மூடி ஏழு நாள் காக்க வேண்டும். பழகிய ஆள் இல்லாமல் இதில் இறங்காதீர்கள். துளையுள்ள தாரைப் பற்றியும் அதேதான் சொல்வேன், ஒரு வீட்டு வாசலுக்காக அந்தக் கலவையை வரவழைப்பதே பாடு.

ரெசின் என்ற பசையால் கல்லை ஒட்டிய தளம் வழுவழுப்பாக, கச்சிதமாக இருக்கும். வாங்கும்போது ஒன்றைக் கேளுங்கள்: கல்லை ரெசினில் பிசைந்து பூசுகிறார்களா, ரெசினைத் தடவி அதன் மேல் கல்லைத் தூவுகிறார்களா? முதலாவதில் தண்ணீர் இறங்கும், இரண்டாவதில் சொட்டும் இறங்காது. முதலாவதையும் பழைய சிமெண்ட் தளத்தின் மேலேயே பூசினால் தண்ணீர் ஒரு அங்குலம் இறங்கி அங்கேயே நிற்கும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் அதற்கு முன்னால் 30 செ.மீ. ஆழக் குழி ஒன்று தோண்டுங்கள். தண்ணீர் நிரப்பி வடியவிட்டு, மறுபடி நிரப்பி, ஸ்கேல் வைத்துப் பாருங்கள். மணிக்கு இரண்டு மூன்று செ.மீ. இறங்கினால் கவலையில்லை. ஒரு செ.மீ. கூட இறங்கவில்லை என்றால் களிமண். அப்போது படுகையின் அடியில் துளையிட்ட பைப் வைத்து, மிஞ்சும் தண்ணீருக்கு ஒரு வழி கொடுத்தே ஆக வேண்டும். வாட்டம் அஸ்திவாரத்தை நோக்கி இருக்கவே கூடாது.

சரி, நான் எதில் வந்து நின்றேன் என்றால், இரண்டு ரகத்தையும் கலந்ததில். சக்கரம் ஓடும் தடத்துக்கு மட்டும் 60 செ.மீ. அகலத்தில் இரண்டு பேவர் பட்டை, நடுவிலும் ஓரத்திலும் தேன்கூட்டுத் தட்டில் ஜல்லி. செலவு முழுப் பேவரில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. கார் ஓட்டுபவருக்குப் பட்டை பழகிவிடும். விருந்தாளி வண்டி மட்டும் ஒவ்வொரு முறையும் ஜல்லியில் இறங்கும், அதற்குத்தான் தட்டு. மரத்தடியில் இருக்கும் மூலையில் இலை மக்கி இடுக்கு அடைக்கிறது. அங்கே மாதம் ஒருமுறை நானே துடைப்பத்தோடு உட்கார வேண்டியிருக்கிறது.