மலேசியா டைவிங் பேக்கேஜ்: பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, காசிமேடு பக்கம் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எம்.சி. ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் இருக்கும் ட்ராவல்ஸ் மலேசியப் பேக்கேஜ் விற்கிறது. சபாவில் சிபாடன் தீவில் டைவிங், சரவாக்கில் நியா குகை, எல்லாம் சேர்த்துத் தலைக்கு ஒரு லட்சத்து முப்பதாயிரம். நானும் என் மச்சானும் கட்டிவிட்டுப் போனோம். பணம் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். உயிரோடு விளையாடியிருக்கிறார்கள், அதுதான் ஆறவில்லை.

எங்கள் இரண்டு பேருக்கும் டைவிங் தெரியாது, பயிற்சி வேண்டாமா என்று முதலிலேயே கேட்டோம். "நீங்க காசிமேட்டு ஆளுங்க, கடல்லயே வளர்ந்தவங்க. உங்களுக்கு எதுக்கு சார் சர்டிபிகேட்?" என்றார் அங்கே இருந்தவர். நம் பக்கத்துப் பையன்களிடம் இதையேதான் சொல்லி விற்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. இதைவிட ஆபத்தான பேச்சு கிடையாது. நாம் சின்ன வயதிலிருந்து மூச்சை அடக்கி முங்கிப் பழகியவர்கள். சிலிண்டர் காற்றை ஆழத்தில் இழுத்துவிட்டு, அதே பழக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தால், உள்ளே இருக்கும் காற்று விரிந்து நுரையீரலையே கிழித்துவிடும். டைவிங்கில் முதல் பாடமே மூச்சை நிறுத்தாதே என்பதுதான்.

செம்போர்னாவில் போய் இறங்கினோம். சிபாடனுக்குப் படகு கிளம்பும் ஊர் அது. டைவ் சென்டரில் ஈப்போவைச் சேர்ந்த தமிழர் ஒருவர் பயிற்சியாளராக இருந்தார். எங்கள் வவுச்சரை இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, சிபாடன் பெர்மிட் உங்க பேர்ல எதுவுமே இல்லையே. மாபுல்ல ஸ்நார்க்கலிங் மட்டும்தான் போட்டிருக்கு" என்றார். மாபுல் பக்கத்தில் இருக்கும் வேறு தீவு. ஸ்நார்க்கலிங் என்றால் மூச்சுக் குழாயை வைத்துக்கொண்டு தண்ணீரின் மேல்மட்டத்தில் நீந்துவது, டைவிங் இல்லை. சிபாடனுக்கு ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று சபா பூங்காத் துறை கணக்கு வைத்து அனுமதி தருகிறது. ஒவ்வொரு பெர்மிட்டும் ஆள் பெயருக்குத்தான் வரும். அதோடு, அங்கே டைவ் அடிக்க அட்வான்ஸ்டு நிலைச் சான்றிதழ் கேட்கிறார்கள். கடலடியிலிருந்து சுமார் 600 மீட்டர் செங்குத்தாக எழும்பி நிற்கும் தீவு அது. கரையை விட்டுக் கொஞ்சம் நகர்ந்தாலே காலுக்குக் கீழே தரை தெரியாது. புதிதாகப் போகிறவர்களை அங்கே விடாததில் நியாயம் இருக்கிறது. பேக்கேஜ் நோட்டீஸில் 'சிபாடன் தீவில் இரவுத் தங்கல்' என்றுகூட இருந்தது. அந்தத் தீவில் தங்கும் விடுதிகளை 2004-லேயே காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்.

அப்புறம் அவர் எங்கள் பயணத் திட்டத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். மதியம் இரண்டு டைவ், மாலையே தாவாவிலிருந்து கோத்தா கினபாலு வழியாக, நியா குகைக்குப் போக இறங்கும் ஊரான மிரிக்கு விமானம். தாளை மேஜை மேல் வைத்து, அந்த வரியில் பேனாவால் வட்டம் போட்டார். "இதைப் போட்டவங்க யாரு?" என்று கேட்டபோது அவர் குரலே மாறிவிட்டது. ஆழத்தில் சுவாசிக்கும்போது நைட்ரஜன் உடம்பில் கரைகிறது. அது வெளியேற நேரம் வேண்டும். அதற்குள் விமானம் ஏறினால், உள்ளே காற்றழுத்தம் குறைந்து அந்த நைட்ரஜன் குமிழ்களாகக் கிளம்பும், சோடா மூடியைத் திறந்ததுபோல. மூட்டுவலியோடு போனாலும் போகும், கை கால் விழுந்துவிடவும் வாய்ப்பிருக்கிறது. ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், அதற்கு மேல் என்றால் குறைந்தது 18 மணி நேரம் கழித்துத்தான் விமானம் ஏற வேண்டும். அவர் எங்களைத் தண்ணீரில் இறக்கவே மறுத்துவிட்டார். அவருக்கு எங்கள் குடும்பமே கடமைப்பட்டிருக்கிறது.

நியாவில் 'வழிகாட்டியுடன்' என்று போட்டிருந்தார்கள், ஒருவரும் வரவில்லை. 1958-ல் சுமார் 40,000 ஆண்டு பழைய மண்டை ஓடு கிடைத்த குகை, 2024-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. உள்ளே கும்மிருட்டு. வௌவால் எச்சத்தில் மரப்பலகை நடைபாதை வழுக்கும். டார்ச் இல்லாமல் போகவே முடியாது. நுழைவுச் சீட்டும் ஆற்றைக் கடக்கும் படகுக் காசும் எங்கள் கையிலிருந்துதான்.

திரும்பி வந்து கேட்டால், "மலேசியாக்காரன் பண்ண தப்பு சார்" என்கிறார்கள். டிசிஎஸ் (வெளிநாட்டுப் பேக்கேஜ் விற்பவர் நம்மிடம் வசூலித்து நம் பெயரில் அரசுக்குக் கட்ட வேண்டிய வரி) என்று தனியாக வாங்கிய பணம் என் பான் எண்ணில் ஏறவே இல்லை. வருமான வரித் தளத்தில், நம் பெயரில் கட்டிய வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தைத் திறந்து பார்த்தேன், அந்தப் பணம் அதில் இல்லவே இல்லை. நீங்களும் பாருங்கள்.

யாராவது இதே பேக்கேஜுக்கு முன்பணம் கட்டியிருந்தால், டைவ் சென்டரின் பெயரைக் கேட்டு வாங்கி, அவர்களிடம் நேரடியாக உங்கள் பெயரில் பெர்மிட் இருக்கிறதா என்று விசாரியுங்கள். பெயர் சொல்ல மறுத்தால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். பயணக் காப்பீட்டில் ஸ்கூபாவுக்கு (சிலிண்டர் டைவிங்) இடம் இருக்கிறதா என்று பார்ப்பதும் முக்கியம், பல பாலிசிகளில் அது தனியாகச் சேர்க்க வேண்டியது.

நான் வடசென்னை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். நாம் கட்டிய பணம் 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்தாலே வழி சொல்கிறார்கள். இதே இடத்தில் ஏமாந்தவர்கள் ரசீது, வவுச்சர், வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காமல் எனக்குத் தகவல் அனுப்புங்கள். என் வக்கீல் உங்கள் மனுவையும் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.