இருமும் பொமரேனியனுக்குக் குழந்தை ஸ்பேசர்: வாங்கலாமா?

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை மருந்துக்கடைகளில் கேட்டால் கிடைக்கிற பொருள்தான். ஆஸ்துமா குழந்தைகளுக்கு இன்ஹேலரோடு மாட்டும் ஸ்பேசர், அதாவது அடித்த மருந்தைத் தேக்கி வைத்து மெதுவாக இழுக்க விடும் குழல், அதன் முனையில் செருகும் சிலிக்கான் முகமூடி. இருமும் சிறிய இன நாய்க்கும் இதையே பயன்படுத்தலாம். நாய்க்கென்றே செய்த இறக்குமதி ஸ்பேசரும் உண்டு. விலை பல மடங்கு. பொருள் நல்ல பொருள், ஆனால் பலர் இதைத் தப்பான நோய்க்கு வாங்கிவிடுகிறார்கள். அதனால் நோயிலிருந்தே தொடங்க வேண்டும்.

நாயின் மூச்சுக்குழாயைத் தாங்கி நிற்பவை குருத்தெலும்பு வளையங்கள். முழு வட்டம் இல்லை, லாடம் மாதிரி முதுகுப் பக்கம் திறந்திருக்கும். அந்தத் திறப்பை ஒரு தசைச் சவ்வு மூடியிருக்கும். பொமரேனியன், பக், ஷிட்சு, சிவாவா போன்ற குட்டி இனங்களில், பெரும்பாலும் நடுவயதுக்கு மேல், குருத்தெலும்பு நீர்ச்சத்து இழந்து தொய்கிறது. சவ்வு குழாய்க்குள் சரிந்து வழியை அடைக்கிறது. சீட்டில் ‘ட்ரக்கியல் கொலாப்ஸ்’ என்று எழுதுவார்கள். கால் பங்கு அடைப்பு முதல் நிலை, முழு அடைப்பு நான்காம் நிலை. அறுத்த வயலில் மேயும் வாத்துக் கூட்டத்தின் சத்தத்தைக் கேட்டவர்களுக்கு இந்த இருமலை அடையாளம் காட்டத் தேவையில்லை. குதூகலத்தில், தண்ணீர் குடிக்கும்போது, கழுத்துப் பட்டையை இழுத்தால், உடனே வரும்.

இன்ஹேலரில் போடும் ஃப்ளூட்டிகசோன் ஒரு ஸ்டீராய்டு. குழாயின் உள்சுவரில் இருக்கும் அழற்சியை அடக்கும், அவ்வளவுதான். தொய்ந்த வளையத்தை நிமிர்த்தாது. அழுங்கிய குழாயோடு நாள்பட்ட மூச்சுக்கிளை அழற்சியும் சேர்ந்திருக்கிற நாய்க்கு ஸ்பேசர் பெரிய உதவி. வெறும் தொய்வு மட்டும் என்றால் பலன் குறைவு. இதய வால்வு பழுதாகி இதயம் பெருத்து இருமும் நாய்க்கு இது மருந்தே இல்லை. குட்டி இனங்களில் அந்த வால்வு நோயும் சாதாரணம் என்பதுதான் சிக்கல்.

ஆகவே ஸ்பேசருக்கு முன்னால் எக்ஸ்ரே. ஒரே படம் எடுத்துக் கொடுத்தால் ஏற்காதீர்கள். கழுத்துப் பகுதி மூச்சை இழுக்கும்போது அழுங்கும், நெஞ்சுப் பகுதி மூச்சை விடும்போது அழுங்கும். பக்கவாட்டில் இழுத்த மூச்சில் ஒன்று, விட்ட மூச்சில் ஒன்று, இரண்டிலும் கழுத்து முழுதும் தெரிய வேண்டும். தலையை மேலே இழுத்துப் பிடித்து எடுத்தால் சரியான குழாயும் குறுகித் தெரியும். இரண்டு படமும் சுத்தமாக இருந்தும் நோய் இருக்கலாம். அப்போது அசையும் எக்ஸ்ரேயோ உள்நோக்கிக் குழாயோதான் தீர்த்துச் சொல்லும். மேல் சோதனைக்கு எங்கே போவது என்று மருத்துவரிடம் கேட்கும்போது ஒரத்தநாட்டுக் கால்நடை மருத்துவக் கல்லூரியையும் சேர்த்துக் கேளுங்கள். இருமலைக் கைப்பேசியில் பிடித்துக்கொண்டு போவது பாதி வேலையை முடிக்கும், மேசையில் ஏற்றியதும் நாய் சமர்த்தாகிவிடும்.

இனி பொருள். வால்வு, அதாவது ஒருவழி மடல், இல்லாத ஸ்பேசர் வேண்டாம். நாய் விடும் மூச்சு மருந்தைத் திருப்பித் தள்ளிவிடும். வால்வு இருந்தாலும் அது இளகியதா என்று பாருங்கள்: முகமூடியை உங்கள் முகத்தில் வைத்து மெதுவாக மூச்சை இழுத்து விட்டால் உள்ளே மடல் அசைய வேண்டும். நாலு கிலோ பொமரேனியன் ஒரு மூச்சில் இழுப்பது சுமார் 40 முதல் 60 மில்லி காற்று. ஆகவே ஒரு அழுத்துக்கு ஏழிலிருந்து பத்து மூச்சு வரை முகமூடி மாறாமல் நிற்க வேண்டும். எண்ணிக்கொண்டே பிடியுங்கள்.

முகமூடியில்தான் குறை. குழந்தையின் தட்டை முகத்துக்குச் செய்தது, பக், ஷிட்சு முகத்தில் அச்சாக உட்காரும். பொமரேனியனின் நீண்ட மூக்குக்கு இருபக்கமும் இடைவெளி விடும். கடினமான பிளாஸ்டிக்கை விட்டு மெல்லிய சிலிக்கானைத் தேர்ந்தெடுத்து, மிகச் சிறிய அளவு வாங்கினால் கசிவு குறையும். அப்படியும் நிற்காவிட்டால் கூம்பு வடிவ நாய் முகமூடியை மட்டும் தனியே வாங்குவது மேல். கேப்ஸ்யூலைப் போட்டு உறிஞ்சும் பொடிக் கருவியைக் கடையில் நீட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அதற்கு வேகமாக இழுக்கும் சொந்த மூச்சு வேண்டும், நாயிடம் அதைச் சொல்லிக் கொடுக்க முடியாது.

முதல் நாளே மருந்து அடிப்பது பெரிய தப்பு. மூன்று நாலு நாள் வெறும் முகமூடியை மூக்கில் தொட்டு ஒரு துண்டு வேகவைத்த கோழி, பிறகு ஐந்து விநாடி, பிறகு பத்து மூச்சு. ‘புஸ்’ சத்தத்துக்கு மிரளும் நாய்க்கு, முதலில் அழுத்திவிட்டு உடனே முகமூடியை வைக்கலாம். இரண்டு அழுத்து எழுதியிருந்தால் ஒவ்வொன்றையும் தனித்தனியே; சேர்த்து அடித்தால் துளிகள் ஒட்டிப் பெருத்து சுவரிலேயே தங்கிவிடும். முடிந்ததும் மூக்கைச் சுற்றி ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

முழுப் பலன் தெரிய ஒன்று, இரண்டு வாரம் ஆகும். அதுவரை பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை ஓடும். இன்ஹேலர் வந்துவிட்டதென்று அதைத் திடீரென நிறுத்தக் கூடாது. நீல நிற சால்பியூட்டமால் இன்ஹேலர் மூச்சுக்கிளையை விரிக்கும் வேறு வேலைக்கானது, ஸ்டீராய்டுக்கு மாற்றில்லை. அதை நாய்க்கு எட்டாமல் வையுங்கள்: கடித்து ஓட்டை போட்டால் மொத்த மருந்தும் ஒரே மூச்சில் உள்ளே போய் இதயம் தறிகெட்டு ஓடும். மனிதருக்கான சளி சிரப்பும் வேண்டாம். பாரசிட்டமால், ஃபினைலெஃப்ரின், சைலிட்டால் இதில் எது இருந்தாலும் ஆபத்து. இருமலே குழாயைப் புண்ணாக்கி மேலும் இருமலைக் கிளப்புவதால் இருமல் அடக்கும் மருந்து தேவைதான், ஆனால் மருத்துவர் எழுதியது.

ஸ்பேசருக்குச் செலவிடும் பணத்தில் முதலில் ஒரு ஹார்னஸ், அதாவது கழுத்துப் பட்டைக்குப் பதில் நெஞ்சில் மாட்டும் வார், வாங்கியிருக்க வேண்டும் என்பது எங்கள் கட்சி. முன்பக்கம் ஒய் வடிவில் நெஞ்செலும்பில் அமர்வது, இரண்டு விரல் நுழையும் தளர்வு, மெல்லிய வலைத்துணி. சட்டை மாதிரி மூடுவது கத்திரி வெயிலில் நாயை வேகவைக்கும், மூச்சிரைப்புதான் இந்த நோயில் நாய்க்கு எதிரி. எடையும் அப்படித்தான். ஆறு கிலோ நாய் வாரம் 60 முதல் 120 கிராம் இறங்கலாம், அதற்குமேல் அவசரம் வேண்டாம். தயிர்சாதத்தையும் பிஸ்கட்டையும் நிறுத்தினாலே பாதி இறங்கும். கொசுவத்தி, சாம்பிராணி, சம்பா அறுவடைத் தூசி: இவை இருக்கும் வீட்டில் இன்ஹேலர் எதிர்நீச்சல்தான் போடும். நாக்கு நீலமாகும் நாளில் எதையும் வாயில் ஊற்றாமல், குளிர்ந்த அறையில் அமைதியாக வைத்து வண்டி பிடியுங்கள். அங்கே தேவை ஆக்சிஜனும் மயக்க ஊசியும். மருந்தெல்லாம் தோற்ற பிறகே ஸ்டென்ட், அதாவது குழாயை உள்ளிருந்து விரித்துத் தாங்கும் வலைக்குழல். அது உடையலாம், நகரலாம், சதை வளரலாம். வைத்த பிறகும் இருமல் மருந்து தொடரும்.

ஸ்பேசரை வாரம் ஒருமுறை வெதுவெதுப்பான நீரில் துளி பாத்திர சோப்பு விட்டு அலசி, துடைக்காமல் நிழலில் கவிழ்த்து வையுங்கள். துணியால் துடைத்தால் பிளாஸ்டிக்கில் மின்னூட்டம் ஏறி மருந்தை ஒட்டிக்கொள்ளும். புதிதாக வாங்கியதையும் ஒருமுறை கழுவிய பிறகே பயன்படுத்துங்கள். நாகப்பட்டினம், வேளாங்கண்ணிப் பக்கத்து ஈரக்காற்றில் அது காய ஒரு இரவு போதாது. 120 அழுத்து உள்ள டப்பா, காலை மாலை ஒவ்வொன்று என்றால் 60 நாள் வரும். திறந்த தேதியை டப்பாவிலேயே எழுதுங்கள். தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்க்கும் பழைய வித்தையை நம்பாதீர்கள்: மருந்து தீர்ந்த பிறகும் வாயு மிச்சமிருக்கும், சத்தம் மட்டும் வரும்.