39 வயதில் கியர் வண்டி: 2006 ஸ்ப்ளெண்டருடன் நாலரை வருடம்

2021 பிப்ரவரியில் 17,000 ரூபாய் கொடுத்து ஒரு 2006 மாடல் ஸ்ப்ளெண்டர் பிளஸ் வாங்கினேன். அப்போது எனக்கு 39 வயது. அதுவரை சைக்கிளைத் தவிர வேறு எதையும் ஓட்டியதில்லை. இந்த நாலரை வருடத்தில் அந்த வண்டியில் 33,000 கிலோமீட்டருக்கு மேல் போயிருக்கிறேன். பழைய பைக் வாங்கி அதிலேயே ஓட்டக் கற்றுக்கொள்ள நினைப்பவர்களுக்கு, முக்கியமாக என் வயதுப் பெண்களுக்கு, இது உதவும் என்று எழுதுகிறேன்.

எனக்கு வீடு திருநெல்வேலி சிந்துபூந்துறையில். வேலை பார்க்கும் பள்ளி சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில். ஒரு நடைக்கு 22 கிலோமீட்டர். ஊரடங்குக் காலத்தில் பஸ் இல்லாமல் பட்ட பாட்டில்தான் சொந்த வண்டி என்ற எண்ணமே வந்தது. ஸ்கூட்டி வாங்கிக்கொள் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். ஓரளவு நல்ல பழைய ஸ்கூட்டி அப்போது 35,000-க்குக் குறைந்து கிடைக்கவில்லை. மேலும் முன்னீர்பள்ளம் தாண்டினால் பல இடங்களில் ரோட்டோரம் கடித்துப் போட்ட மாதிரி இருக்கும். எதிரே லாரி வந்தால் ஓரத்தில் இறங்கித்தான் ஆகவேண்டும். சின்னச் சக்கரத்தை விட 18 இஞ்ச் சக்கரம் அங்கே தேவலை என்று தம்பி சொன்னான். அது சரியான யோசனைதான், இன்றைக்கும் அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

வண்டியைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல வேண்டியதில்லை, எல்லோரும் பார்த்ததுதான். 97.2 சிசி, நாலு கியர், ஏழரைக் குதிரைத்திறன் சொச்சம், எடை 110 கிலோவை ஒட்டி. செல்ஃப் ஸ்டார்ட் கிடையாது, கிக்கர் மட்டும். ஸ்ப்ளெண்டர் 1994-ல் வந்தது. 2011-ல் கம்பெனி ஹீரோ மோட்டோகார்ப் என்று பெயர் மாறியது. என் வண்டி டேங்கில் இன்னும் ஹீரோ ஹோண்டா என்றுதான் இருக்கிறது.

வாங்கும்போது தம்பிதான் ஓட்டிப் பார்த்தான். தெருவில் ரெண்டு ரவுண்டு போய்விட்டு வந்து, "நல்லாத்தான் இருக்குக்கா, எடுத்துரலாம்" என்றான். எடுத்தோம். கே.டி.சி. நகரைத் தாண்டி பிளாட் போட்டு ரோடு மட்டும் போட்டிருந்த ஒரு இடத்தில் தினமும் காலை ஆறு மணிக்குப் பழகினேன். வீடுகளே கிடையாது, கல் நட்ட மனைகளும் வேலிக்கருவையும்தான்.

முதல் பதினைந்து நாள் வண்டி என்னை நகரவே விடவில்லை. கிளட்சை மெதுவாக விடுவேன், ஒன்றும் ஆகாது, ஒன்றும் ஆகாது, திடீரென்று ஒரு குதி குதித்து அணைந்துவிடும். மறுபடி நியூட்ரலைத் தேடவேண்டும். அந்தப் பச்சை விளக்கு எரிவதற்குள் கணுக்கால் வலித்துவிடும். மறுபடி கிக்கர். ஒருநாள் எண்ணிப் பார்த்தேன், முக்கால் மணி நேரத்தில் 31 தடவை அணைந்தது. "எக்கா, படக்குனு விடாத, பொறுமையா விடு" என்று தம்பி திரும்பத் திரும்பச் சொன்னான். நான் பொறுமையாகத்தான் விட்டேன். எனக்கு வயதாகிவிட்டது, கையும் காலும் இனிமேல் சொன்னபடி கேட்காது என்றே முடிவுக்கு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து யாருக்கும் தெரியாமல் அழுத நாளும் உண்டு.

பதினாறாவது நாள், அந்த மனைகளிலிருந்து மெயின் ரோட்டுக்கு ஏறும் இடத்தில் வண்டி அதேபோல் குதித்தது. இந்தத் தடவை அணையாமல் முன்னால் பாய, நான் வலது பக்கம் சாய்ந்து விழுந்தேன். முழங்கையில் சிராய்ப்பு, முன் பிரேக் லீவர் வளைந்துவிட்டது. லீவர் மாற்றத்தான் மெக்கானிக் அண்ணாச்சியிடம் போனோம். அவர் லீவரை விட்டுவிட்டு, இடது பக்கக் கிளட்சை ரெண்டு தடவை மெல்லப் பிடித்து விட்டுப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் ஸ்பேனரை எடுத்துக் கேபிளைக் கழற்றி என் கையில் தந்தார். முறுக்கிய கம்பியில் பாதிக்கு மேல் இழை அறுந்து, துருப்பிடித்த பிரஷ் மாதிரி விரிந்து, உறைக்குள்ளே சிக்கிச் சிக்கி நின்றது. "டீச்சர், நீங்க சரியாத்தான் ஓட்டுதீங்க. நீங்க விட்டாலும் இது விடாது. அப்புறம் ஒரேயடியா விட்டுரும்" என்றார்.

புதுக் கேபிள் போட இருபது நிமிடம் ஆனது. லீவர் முனையில் ஒரு விரல் கனத்துக்கு லூஸ் வைத்துக் கொடுத்தார். அன்று சாயங்காலமே அதே இடத்துக்குப் போய் முதல் கியரில் எடுத்தேன், வண்டி நகர்ந்தது. நிறுத்தி மறுபடி எடுத்தேன். பதினோரு தடவை எடுத்தேன், ஒரு தடவைகூட அணையவில்லை. நியூட்ரலும் தொட்டவுடன் விழுந்தது. கிளட்ச் முழுதாக விடுபடாததால்தான் அதுவரை கியர் இறுகிக் கிடந்திருக்கிறது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், தம்பி அதே வண்டியைத்தான் ஓட்டினான், அவனுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. பதினைந்து வருடம் பைக் ஓட்டுகிறவனுக்குக் கேபிள் சிக்கினால் விரல் தானாகவே அதற்கேற்ப விட்டுக்கொடுக்கும், ஆக்ஸிலேட்டர் தானாக ஒரு இழை கூடும். தான் சமாளிப்பது அவனுக்கே தெரியாது. புதிதாகக் கற்பவருக்கோ எது தன் தப்பு, எது வண்டியின் தப்பு என்று பிரித்துப் பார்க்க வழியே இல்லை. எல்லாத் தப்பையும் தன் தலையில் போட்டுக்கொள்வார். எத்தனை பெண்கள் இப்படி ஒரு கேபிளுக்காக "நமக்கு வராது" என்று விட்டிருப்பார்களோ என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன்.

அதனால் பழைய வண்டி வாங்கினால், ஓட்டத் தெரிந்தவர் ஓட்டிப் பார்ப்பது மட்டும் போதாது. வண்டியை நிறுத்தி வைத்துக் கையால் பாருங்கள். கிளட்சையும் முன் பிரேக்கையும் மிக மெதுவாகப் பிடித்து விடுங்கள், எங்காவது சொரசொரவென்று தட்டினால் கேபிள் போச்சு. வண்டியை ஸ்டார்ட் பண்ணி நியூட்ரலில் வைத்து, ஹேண்டில்பாரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் திருப்புங்கள். சத்தம் கூடினால் ஆக்ஸிலேட்டர் கேபிள் எங்கோ இழுபடுகிறது. எட்டுப் போடும்போது ஹேண்டில் திரும்பத் திரும்ப வண்டி தானாக வேகம் எடுத்தால் புதியவர் என்ன செய்வார்?

டயரில் பட்டன், அதாவது ரோட்டைப் பிடிக்கும் மேடுகள், இருக்கிறதா என்று மட்டும் பார்த்து நான் ஏமாந்தேன். பக்கவாட்டில் நாலு எண் பொறித்திருக்கும். 2314 என்றால் 2014-ன் 23-வது வாரத்தில் செய்தது. என் பின் டயரில் பட்டன் நன்றாகவே இருந்தது, ஆனால் 2012-ல் செய்த டயர், கல் மாதிரி இறுகியிருந்தது. முதல் மழையில் மேலப்பாளையம் பக்கம் பின்சக்கரம் வழுக்கிய பிறகுதான் எண்ணைப் பார்த்தேன். கேபிள்கள், பிரேக் ஷூ, பின் டயர், செயின் ஸ்ப்ராக்கெட் எல்லாம் சேர்த்து முதல் மூன்று மாதத்தில் 5,800 ரூபாய் ஆனது. கற்கத் தொடங்கும் முன்பே இதைச் செலவழித்திருக்கவேண்டும். 17,000 கையில் இருந்தால் 12,000-க்கு வண்டி பாருங்கள், மீதியை இதற்கு வையுங்கள்.

பிரேக்கைப் பற்றி ஒரு விஷயம். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வரும் சின்ன வண்டிகளில் ஒரு பிரேக்கை அழுத்தினால் ரெண்டு சக்கரத்துக்கும் பங்கு போகிற ஏற்பாடு உண்டு. என் வண்டியில் காலால் மிதித்தால் பின்சக்கரம், கையால் பிடித்தால் முன்சக்கரம், அவ்வளவுதான். ரெண்டையும் சேர்த்து, முன்னதை அவசரப்படாமல் இறுக்கிப் பிடிக்கத் தனியாகப் பழகினேன். ரோட்டில் ஒரு செங்கலை அடையாளம் வைத்து, 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்து அதைத் தாண்டாமல் நிறுத்துவது. ஒரு வாரம் இதை மட்டும் செய்தேன். முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கி அடித்துவிடும் என்று நம் ஊரில் பலரும் சொல்லிக் கொடுப்பார்கள். தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள். பின் பிரேக்கை மட்டும் நம்பினால் வண்டி நிற்கிற தூரம் பயப்படும் அளவுக்குக் கூடும்.

கியர் நாலும் முன்பக்கம் மிதித்தால்தான் விழும். குறைக்கக் குதிகாலால் பின்னால் மிதிக்கவேண்டும். செருப்போ ஷூவோ எது போட்டாலும் மேல்பக்கம் தேயாது, அது ஒரு வசதி. முதல் கியர் கீழே, மற்றவை மேலே என்று இருக்கும் வண்டிக்கு மாறினால் கொஞ்ச நாள் குழம்பும்.

சுடிதார், சேலை கட்டுகிறவர்களுக்கு நான் ஸ்ப்ளெண்டரைச் சொல்ல முதல் காரணம் அந்த முழு செயின் கவர். செயின் வெளியே தெரியாது, துணி போய்ச் சிக்க இடமில்லை. ஆனாலும் துப்பட்டாவைக் குறுக்கே கட்டி முடிச்சுப் போட்டுத்தான் ஏறுவேன். கவரில் ஒரு கஷ்டமும் உண்டு, செயினின் நிலைமை கண்ணில் படாது. கீழே ரப்பர் மூடியைக் கழற்றி விரலை விட்டுப் பார்க்கவேண்டும், ரெண்டு மூன்று சென்டிமீட்டர் ஆடலாம். சலக் சலக் என்று கவரில் அடிக்கும் வரை காத்திருந்தால் தாமதம்.

லைசென்ஸ் விஷயம் சிக்கலில்லாமல் முடிந்தது. எல்.எல்.ஆர். எடுத்து 30 நாள் கழித்து எட்டுப் போட்டேன். முதல் கியர், பாதிக் கிளட்ச், பின் பிரேக்கில் லேசாகக் கால், பார்வை அடுத்த வளைவில். நல்ல கிளட்ச் கேபிள் இருந்தால் எட்டு ஒன்றும் பெரிய வித்தை இல்லை. வண்டி வாங்கிய கையோடு படிவம் 29, 30-ல் கையெழுத்து வாங்கிப் பெயர் மாற்றிவிடுங்கள். ஆர்.சி. 15 வருடத்துக்குத்தான், அதற்குமேல் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்கவேண்டும், பசுமை வரியும் உண்டு. நான் 2021-ல் புதுப்பித்தபோது கட்டணம் 300 ரூபாய், 2022 ஏப்ரலில் 1,000 ஆனது. விலை பேசும்போது ஆர்.சி. எந்த வருடம் முடிகிறது என்பதையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

தினசரி ஓட்டத்தில் லிட்டருக்கு 55-லிருந்து 60 கிலோமீட்டர் தருகிறது. 2,500 கிலோமீட்டருக்கு ஒருமுறை 900 மில்லி என்ஜின் ஆயில் மாற்றுகிறேன். 50-க்கு மேல் போனால் உதறல் தெரியும். நான் அதற்கு மேல் போவதும் அபூர்வம். ஆனி, ஆடிக் காற்றில் கோபாலசமுத்திரத்துக்கும் பத்தமடைக்கும் நடுவே வயல்வெளியில் வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். அப்போது மூன்றாவது கியரில், உடம்பை இறுக்காமல் போனால் சமாளிக்கலாம். ராத்திரிதான் உண்மையான குறை. அந்தக் காலத்து வண்டிகளில் ஹெட்லைட்டுக்கு மின்சாரம் என்ஜின் சுற்றிலிருந்து நேராகப் போகும். வேகம் குறைத்தால் வெளிச்சமும் மங்கும். மயிலோ மாடோ குறுக்கே வரும் என்று மெதுவாகப் போகிற இடத்தில்தான் கண் தெரியாது. இருட்டினால் அதில் நான் வருவதில்லை. மாலை ஆறரைக்குள் வீடு, இல்லையென்றால் பஸ்.

2023 டிசம்பர் 17, 18 மழையை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்கமாட்டார்கள். தாமிரபரணி தெருவுக்குள் வந்தது. மாடிக்குப் போய்விட்டோம், வண்டி கீழே. மேலிருந்து பார்த்தால் சீட்டும் தெரியவில்லை, கண்ணாடி ரெண்டும் மட்டும் தண்ணீருக்கு மேலே நின்றன. தண்ணீர் வடிந்ததும் தம்பி வந்து உடனே கிக்கரை மிதிக்கப் போனான், நான் தடுத்துவிட்டேன். சிலிண்டருக்குள் தண்ணீர் நின்றால் காற்றைப்போல அது அமுங்காது, மிதிக்கிற மிதியில் உள்ளே பிஸ்டன் கம்பி வளையலாம் என்று அண்ணாச்சி எப்போதோ சொன்னது நினைவில் இருந்தது. நாலாம் நாள் தள்ளிக்கொண்டே போய் அவரிடம் விட்டேன். டிரெயின் போல்ட்டைத் திறந்ததும் முதலில் வண்டல் தண்ணீர் வந்தது, அப்புறம் பால் காபி நிறத்தில் ஆயில். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வைத்துக்கொண்டு மெல்ல மிதித்துத் தண்ணீரை வெளியேற்றினார். ஏர் ஃபில்டர் புதுசு, கார்புரேட்டர் கழுவல், டேங்கில் இருந்ததை முழுக்கக் கொட்டல், பிரேக் டிரம்மில் அடைந்திருந்த மணலைச் சுரண்டல். புது ஆயில் ஊற்றிப் பத்து நிமிடம் ஓடவிட்டு வடித்தார், மூன்று தடவை இப்படி. 4,300 ரூபாய் ஆனது. வண்டி பிழைத்தது. அன்று அந்தக் கடை வாசலில் வரிசையாக நின்ற புது வண்டிகளைப் பார்க்க மனசு கனத்தது. வயரிங்கும் சென்சாரும் நனைந்து, என்ன செலவாகும் என்றே சொல்ல முடியாத நிலையில் அவை நின்றன.

அடுத்த வருடம் ஆர்.சி. முடிகிறது. புதுப்பிக்கத்தான் போகிறேன். என்ஜின் நன்றாக இருக்கிறது, முன் ஃபோர்க்கில் ஆயில் சீல் மட்டும் கசியத் தொடங்கியிருக்கிறது, அதை மாற்றவேண்டும்.

எங்கள் பள்ளியின் சத்துணவு அமைப்பாளர் அக்காவுக்கு 46 வயது. போன மாதம் தயங்கித் தயங்கி, "எனக்கும் சொல்லித் தருவியாம்மா" என்று கேட்டார். சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன். இப்போதிருக்கும் கிளட்ச் கேபிள் போட்டு 14 மாதம் ஆகிறது. அறுபடவில்லை, என் கைக்கு ஒன்றும் தெரியவும் இல்லை. ஆனாலும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அண்ணாச்சி கடையில் புதுசு போட்டுவிட்டுத்தான் வண்டியை அந்த அக்கா கையில் கொடுப்பேன்.