டேட்டோகிராஃபா, 5270-ஆ: கேமராவுக்கு எது விருந்து?

இந்த இரண்டு கைக்கடிகாரங்களில் முகப்பை மட்டும் படம் எடுப்பதென்றால் சுவிஸ் நிறுவனமான படேக் பிலிப்பின் 5270தான். 2011-இல் வந்த இதில் குரோனோகிராஃபோடு (பொத்தானை அழுத்தி நேரம் அளக்கும் ஸ்டாப்வாட்ச்) நிரந்தர நாட்காட்டியும் (மாத நாட்களையும் லீப் ஆண்டையும் தானே கணக்கிடுவது) உண்டு. கிழமை, மாதம், தேதி, நிலவின் பிறை, லீப் ஆண்டு, பகலா இரவா என்பது வரை ஒரே முகப்பில். இருந்தும் நெரிசல் தெரியாது. முட்கள் 10:10-இல் இருந்தால் மேலேயுள்ள கிழமை, மாதச் சன்னல்கள் மறையாது.

திருப்பி, பின்பக்கக் கண்ணாடி வழியே இயந்திரம் தெரியும்படி பிடித்தால் என் ஓட்டு ஏ. லாங்கே அண்ட் சோனேயின் டேட்டோகிராஃபுக்கே. ஜெர்மனியின் கிளாஸ்ஹ்யூட்டே ஊரில் செய்யப்படும் இது 1999-இல் அறிமுகமானது. படேக்கின் இயந்திரம் ரோடியம் பூச்சில் வெள்ளையாகப் பளிச்சிடும். இதிலோ முலாம் பூசாத ஜெர்மன் சில்வர் (செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை), இளமஞ்சள் சாயலோடு. நெம்புகோல்கள் அடுக்கடுக்காக உள்ளே இறங்குகின்றன. நீலத் திருகுகள், தங்க வளையத்தில் பதித்த சிவப்புக் கற்கள், அப்புறம் இப்படியும் அப்படியும் ஆடி நேரத்தைச் சீராக்கும் பேலன்ஸ் சக்கரத்துக்கு மேலே கையால் செதுக்கிய பூவேலை! கைவேலை என்பதால் ஒன்றைப்போல இன்னொன்று இருக்காது. பொத்தானை அழுத்தும்போது நெம்புகோல் நகர்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

அந்த அடுக்குகளின் ஆழம்தான் மிக அருகில் படம் எடுக்கும் மேக்ரோ லென்ஸைத் திணறடிக்கும். ஒரு அடுக்கில் ஃபோகஸ் வைத்தால் அடுத்தது கலங்கிவிடும். பல படங்கள் எடுத்துச் சேர்க்க வேண்டும். வெளிச்சத்தை பட்டர் பேப்பர் வழியாகப் பக்கவாட்டில் விடுங்கள். சஃபையர் கண்ணாடியில் பிரதிபலிப்பு குறையும், செதுக்கலின் விளிம்புகளும் எடுப்பாகத் தெரியும்.