மீட்டர் உள்ள கேமரா பாடியா, கையில் ஒரு மீட்டரா? பழைய ரேஞ்ச்ஃபைண்டர் வாங்கும் முன்

பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா வாங்கக் கிளம்புகிறவர்கள் விற்பவரிடம் முதலில் கேட்பது, "மீட்டர் வேலை செய்யுதா?" என்றுதான். ரேஞ்ச்ஃபைண்டர் என்றால் இரண்டு சன்னல் வழியே வருகிற உருவங்களை ஒன்றின்மேல் ஒன்று பொருத்தி ஃபோகஸ் செய்கிற கேமரா; மீட்டர் என்பது வெளிச்சத்தை அளக்கிற கருவி. அந்தக் கேள்வியை நான் கடைசியில் கேட்பேன். சில சமயம் கேட்பதே இல்லை. ஐம்பது, அறுபது வயதான கேமராவில் பெரும்பாலும் முதலில் போவது மீட்டர்தான். இறுகிப்போன ஷட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து எண்ணெய் விட்டால் அது மறுபடி பல வருடம் ஓடும். மீட்டருக்குள் வெளிச்சத்தை மின்சாரமாக்குகிற செலீனியம் செல் செத்துவிட்டால் அதற்கு அப்படி ஒரு வைத்தியம் கிடையாது. அதனால் என் கட்சி இதுதான்: பணத்தை ரேஞ்ச்ஃபைண்டருக்கும் ஷட்டருக்கும் கொடுங்கள், வெளிச்சத்தைத் தனியாகக் கையால் அளந்துகொள்ளுங்கள். இதற்கு எதிராக வலுவாக நிற்கிற கேமராக்களும் உண்டு. அவற்றையும் சேர்த்தே பார்ப்போம்.

இந்த முடிவுக்கு நான் வந்தது நெகட்டிவ் இல்லாமல் நேராகப் படமாகவே வருகிற ஸ்லைடு ஃபிலிம் ரோல் ஒன்றைப் பறிகொடுத்த பிறகு. செலீனியம் மீட்டர் உள்ள ஒரு கேமரா. வெளிச்சத்தில் காட்டினால் முள் துள்ளியது, விற்றவரும் அதைத்தான் காட்டினார். ரோலைக் கழுவி வாங்கிப் பார்த்தால் 36 படமும் வெளிறிப்போய், வானம் இருந்த இடம் வெறும் கண்ணாடி போல இருந்தது. செல் வயதாகி வலுவிழந்து, இருக்கிற வெளிச்சத்தைக் குறைத்துக் காட்டியிருக்கிறது. நான் அதை நம்பி லென்ஸை இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரண்டு மடங்கு) கூடுதலாகத் திறந்திருக்கிறேன். முள் ஆடுவது வேறு, சரியான எண்ணில் போய் நிற்பது வேறு.

பேட்டரி போடுகிற மீட்டருக்கு வேறு தொல்லை. அறுபது, எழுபதுகளின் கேட்மியம் சல்ஃபைடு மீட்டர்களில் பெரும்பாலானவை 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டவை. அந்த பேட்டரியை இப்போது யாரும் தயாரிப்பதில்லை. அதே அளவில் கிடைக்கிற 1.5 வோல்ட் அல்கலைனைப் போட்டால், பல கேமராக்களில் மீட்டர் வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும், படம் இருட்டும். போதாக்குறைக்கு, அல்கலைனின் வோல்டேஜ் நாளாக ஆக இறங்கிக்கொண்டே வரும், பிழையும் கூடவே மாறும். 1.4 வோல்ட் ஜிங்க்-ஏர் பேட்டரி ஓரளவு சரியாக இருக்கும். ஆனால் ஸ்டிக்கரை உரித்த நாளிலிருந்து அது காய ஆரம்பித்துவிடும்.

சரி, பாடிகளுக்கு வருவோம்.

ரேஞ்ச்ஃபைண்டரில் ஃபோகஸ் எவ்வளவு துல்லியம் என்பதை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன. ஒன்று, முன்பக்கத்து இரண்டு சன்னல்களுக்கும் நடுவில் உள்ள தூரம். இன்னொன்று, வியூஃபைண்டர் காட்சியை எத்தனை மடங்காகக் காட்டுகிறது என்பது. இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் உண்மையான பலம். 1954ல் வந்த லைக்கா எம்3க்கு அது கிட்டத்தட்ட 62 மிமீ. எம்2, எம்6 இரண்டுக்கும் 49 மிமீ அளவு. கேனான் பி-க்கு 41 மிமீ. பெஸ்ஸா ஆர்-க்கு 25 மிமீதான். 35 மிமீ லென்ஸை எஃப் 5.6ல் (எஃப் எண் லென்ஸ் துவாரத்தின் அளவு; எண் சிறிதானால் துவாரம் பெரிது) வைத்துத் தெருவில் எடுக்கிறவருக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. 90 மிமீ லென்ஸை எஃப் 2ல் முழுக்கத் திறந்து பக்கத்தில் இருக்கிற முகத்தை எடுக்கிறவருக்கு எல்லாமே இதுதான். பெஸ்ஸாவில் ஃபோகஸ் கண்ணில் விழாமல் காதில் விழும்.

எம்3யின் வியூஃபைண்டரை ஒரு முறையாவது கண்ணில் வைத்துப் பார்க்க வேண்டும். 0.91 மடங்கு என்பதால் மற்ற கண்ணையும் திறந்தே வைத்திருக்கலாம். படத்தின் எல்லையைக் காட்டுகிற வெள்ளைக் கோடுகள் காற்றில் தொங்குவது போல இருக்கும். நடுவில், இரண்டாவது உருவம் தெரிகிற சதுரத்துக்கு ஓரம் உண்டு, கத்தியால் வெட்டிய மாதிரி. ஆனால் அதில் 35 மிமீக்குக் கோடு இல்லை, 50, 90, 135 மட்டும்தான். 35 மிமீதான் உங்கள் கண் என்றால் 0.72 மடங்குள்ள எம்2 வாங்குங்கள், 35, 50, 90 மூன்றும் அதில் இருக்கிறது. எம்3 வாங்கும்போது ஓர் எச்சரிக்கை: உள்ளே ப்ரிஸத்தை ஒட்டியிருக்கிற பசை பழசாகிப் பிரியக்கூடும். அப்படிப்பட்ட கேமராவுக்கு ஓர் அடி பட்டால் போதும், ஃபைண்டர் இருண்டுவிடும். அந்த வேலை தெரிந்த மெக்கானிக்குகள் குறைவு, செலவும் அதிகம்.

என் கட்சிக்கு மிகப் பெரிய எதிரி எம்6. 1984ல் வந்தது. மீட்டர் லென்ஸ் வழியாகவே அளக்கிறது. ஷட்டர் திரையில் இருக்கிற வெள்ளை வட்டத்தில் பட்டுத் திரும்புகிற ஒளியைப் பார்க்கிறது. ஃபைண்டருக்குள் இரண்டு சிவப்பு அம்புகள், இரண்டும் சேர்ந்து எரிந்தால் எக்ஸ்போஷர் (ஃபிலிமில் படுகிற ஒளியின் அளவு) சரி. பேட்டரி இன்றும் கிடைக்கிற சாதாரண பேட்டரி. அது தீர்ந்தாலும் ஷட்டர் எல்லா வேகத்திலும் ஓடும். கல்யாண மண்டபம், மேடை, வெயிலும் நிழலும் மாறி மாறி வருகிற தெரு என்று நொடிக்கு நொடி வெளிச்சம் மாறுகிற இடங்களில் எடுக்கிறவருக்கு எம்6தான் என்று நானே சொல்வேன். குறை இரண்டு. பக்கவாட்டு வெளிச்சம் படும்போது நடுச் சதுரம் சில சமயம் வெளுத்து மறையும். கண்ணைக் கொஞ்சம் நகர்த்தித்தான் மீட்க வேண்டும். அப்புறம், மீட்டரின் எலெக்ட்ரானிக் பலகை போனால் மாற்றுப் பலகை கிடைப்பது கடினம். அதனால் ஒன்று செய்யுங்கள். மீட்டர் போன எம்6ஐ மீட்டர் இல்லாத பாடியாக நினைத்து மதிப்பிடுங்கள். அந்த விலைக்கு வந்தால் வாங்குங்கள், வராவிட்டால் எம்2 இருக்கிறது.

லைக்கா வேண்டாம், அவ்வளவு பணம் இல்லை என்றால் கேனான் பி. 1959ல் வந்தது, ஃபைண்டர் சரியாக ஒரு மடங்கு. 35, 50, 100 மூன்று கோடுகளும் எப்போதும் தெரிந்துகொண்டே இருப்பதால் முதலில் குழப்பும். கண்ணாடி போட்டவர்களுக்கு 35 மிமீ கோடு ஓரத்தில் ஒளிந்துகொள்ளும். இதன் ஷட்டர் திரை மெல்லிய உலோகத் தகடு. பல பாடிகளில் அது கசங்கிய காகிதம் போலச் சுருங்கியிருக்கும். பார்த்துப் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் ஓட்டத்தை அது பாதிப்பதில்லை. இதற்கு அடுத்து 1961ல் வந்த கேனான் 7ல் செலீனியம் மீட்டரைச் சேர்த்தார்கள், மேலே மீட்டர் மாட்டுகிற ஷூவை எடுத்துவிட்டார்கள். ஆக, உள்ளே இருக்கிற மீட்டர் செத்துவிட்டால் மேலே ஒன்று மாட்டவும் வழியில்லை. இந்த இரண்டில் எனக்கு பி-தான்.

ஸோர்க்கி 4, ஃபெட் 2 போன்ற சோவியத் கேமராக்களைக் கற்றுக்கொள்ள வாங்கலாம். ஃபெட் 2வின் சன்னல் இடைவெளி 67 மிமீ, அந்த வகையில் லைக்காவுக்குப் பக்கத்தில் நிற்கிறது. ஸோர்க்கியில் ஒன்றை மட்டும் மறக்கவே கூடாது: ஃபிலிமை முன்னே தள்ளி ஷட்டரை ஏற்றிய பிறகுதான் வேக டயலைத் திருப்ப வேண்டும். ஏற்றாமல் திருப்பினால் உள்ளே உடையலாம். ஒவ்வொரு பாடியும் ஒவ்வொரு மாதிரி இருக்கும் என்பதால் தெரிந்த மெக்கானிக் கையால் வந்ததாகப் பார்த்து வாங்குங்கள்.

2000ல் வந்த பெஸ்ஸா ஆர்-ஐப் பற்றி நல்லதும் சொல்ல வேண்டும். இந்தப் பட்டியலில் வயதில் சின்னது அதுதான். அதன் மீட்டரை இன்றும் நம்பலாம், கடையில் கிடைக்கிற பேட்டரியே போதும். அகலக் கோண லென்ஸ் மட்டும் போதும் என்பவருக்கு இதைவிடக் கவலையில்லாத கேமரா கிடைப்பது கஷ்டம்.

லென்ஸ் மாற்ற முடியாத வகையில் இரண்டைத்தான் மக்கள் ஒப்பிடுகிறார்கள். 1972ன் கேனோனெட் க்யூஎல்17 ஜி3, 40 மிமீ எஃப் 1.7. 1966ல் தொடங்கிய யாஷிகா எலெக்ட்ரோ 35, 45 மிமீ எஃப் 1.7. இரண்டின் லென்ஸும் அருமை. ஆனால் யாஷிகாவில் ஷட்டர் வேகத்தை நாம் வைக்க முடியாது, கேமராதான் வைக்கும். பேட்டரி இல்லாவிட்டால் 1/500 மட்டும்தான். கையால் வெளிச்சம் அளக்க விரும்புகிறவருக்கு அது கதவைச் சாத்திவிடுகிறது. கேனோனெட் பேட்டரியே இல்லாமல் எல்லா வேகத்திலும் ஓடும். யாஷிகாதான் வேண்டும் என்றால், ஃபிலிமைத் தள்ளும் நெம்புகோலை இழுக்கும்போது உள்ளே "டக்" என்று ஒரு சத்தம் வருகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். வராவிட்டால் உள்ளே ஒரு சின்ன ரப்பர் துண்டு கரைந்து போயிருக்கிறது என்று பொருள், எக்ஸ்போஷர் கோளாறு பின்னாலேயே வரும்.

மவுண்ட், அதாவது லென்ஸ் பாடியில் மாட்டுகிற முறையைப் பற்றி ஒரு வார்த்தை. 39 மிமீ திருகு லென்ஸை ஒரு மில்லிமீட்டர் வளையம் போட்டு லைக்கா எம் பாடியில் மாட்டலாம், ஃபோகஸும் சரியாக இணையும். எம் லென்ஸைத் திருகு பாடியில் மாட்ட முடியாது. அதனால் முதல் லென்ஸைத் திருகு லென்ஸாக வாங்கினால், நாளைக்குப் பாடி மாறினாலும் அது கூடவே வரும்.

கையில் எடுத்துப் பார்க்கும்போது நான் செய்வது இவ்வளவு. தூரத்துக் கோபுரத்தையோ நிலாவையோ இன்ஃபினிட்டியில் பார்ப்பேன். இரண்டு உருவமும் பக்கவாட்டில் மட்டுமல்ல, மேல் கீழாகவும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார வேண்டும். பிறகு ஒரு மீட்டர் தூரத்தில் அளந்து வைத்த பொருளைப் பார்ப்பேன். ஒரு நொடி, 1/8, 1/15 வேகங்களில் ஷட்டரின் சத்தம் இழுபடாமல் ஓடுகிறதா என்று கேட்பேன். லென்ஸின் பின்னாலிருந்து டார்ச் அடித்துப் புகைமூட்டம், பூஞ்சை நூல்கள் இருக்கிறதா என்று தேடுவேன். மேலே ஒரு கீறல் இருந்தால் விட்டுவிடுவேன், உள்ளே புகை இருந்தால் யோசிப்பேன். நடுச் சதுரம் மங்கலாக இருந்தாலும் கோணாமல் இருந்தால் ஒரு வழி உண்டு: ஃபைண்டர் சன்னலின் வெளிப்பக்கம், சதுரத்துக்கு நேரே, ஒரு பொட்டு அளவு கருப்பு டேப் ஒட்டினால் இரண்டாவது உருவம் எழுந்து நிற்கும்.

துணித் திரை உள்ள பாடிகளில் இன்னொன்றையும் பாருங்கள். ரேஞ்ச்ஃபைண்டரில் லென்ஸுக்கும் ஷட்டர் திரைக்கும் நடுவில் ஒளியைத் திருப்புகிற கண்ணாடி கிடையாது. லென்ஸ் மூடாமல் சூரியனைப் பார்த்துக் கிடந்தால் பூதக்கண்ணாடி மாதிரித் திரையைப் பொசுக்கிவிடும். நான் வாங்கிய ஒரு பாடியில் வெயிலில் எடுத்த எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி வந்தது. இருட்டு அறையில் லென்ஸைக் கழற்றி, பின்கதவைத் திறந்து, முன்னாலிருந்து டார்ச் அடித்தேன். குண்டூசி முனை அளவு ஓட்டை, நட்சத்திரம் மாதிரி மின்னியது. அன்றிலிருந்து தோளில் தொங்கும்போது லென்ஸ் மூடி போடாமல் நடப்பதில்லை.

இனி மீட்டர். பாடியின் ஷூவில் மாட்டுகிற சின்ன மீட்டர் கண்ணுக்கு லட்சணமாக இருக்கும், கைக்கும் வசதி. ஆனால் அதுவும் பொருளிலிருந்து திரும்பி வருகிற ஒளியைத்தான் அளக்கிறது. வெள்ளைச் சுவரைக் காட்டினால் சாம்பலாக்கும், கருப்புக் கோட்டைக் காட்டினாலும் சாம்பலாக்கும். ஃபோனில் உள்ள மீட்டர் ஆப்களுக்கும் இதே குணம்தான். பழகுவதற்குப் போதும். உச்சி வெயிலில் திரையைப் பார்க்க முடியாமல் தவிக்கும்போது அதன் எல்லை தெரியும்.

நான் கையில் வைத்திருப்பது வெள்ளைக் குமிழ் உள்ள மீட்டர். விழுகிற ஒளியை அளப்பது. சன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிற ஒருவரை எடுக்கிறேன் என்று வையுங்கள். கேமராவின் மீட்டர் சன்னலைப் பார்த்து மயங்கி முகத்தை இருட்டாக்கிவிடும். குமிழை அவர் கன்னத்தருகே வைத்துக் கேமரா பக்கம் திருப்பினால், முகத்துக்கு விழுகிற ஒளி எவ்வளவோ அதை மட்டும் சொல்லும். ஒரு முறை அளந்தால் அவர் அங்கிருந்து எழும் வரை டயலைத் தொட வேண்டியதில்லை. செகோனிக் எல்-398 வகை முள் மீட்டருக்கு பேட்டரியே வேண்டாம்; இரவில் மட்டும் பலம் போதாது. அதுவும் செலீனியம்தானே என்று கேட்பீர்கள். ஆமாம். அதனால் பழையது வாங்கும்போது மேகமில்லாத நடுப்பகலில் ஐஎஸ்ஓ (ஃபிலிமின் ஒளியுணர்வு எண்) 100ல் குமிழைக் கேமரா பக்கம், வெயில் முன்னிருந்து விழும்படி பிடியுங்கள். 1/125, எஃப் 16 பக்கத்தில் காட்ட வேண்டும். பிறகு வீட்டுக்குள் சன்னல் வெளிச்சத்தில் நம்பகமான வேறு மீட்டரோடு ஒத்துப்பாருங்கள். இரண்டு இடத்திலும் ஒத்துப்போனால் செல் நன்றாக இருக்கிறது. கெட்டாலும் மீட்டரை மட்டும் மாற்றினால் போதும், கேமராவை யாரும் பிரிக்க வேண்டாம்.

குமிழ் மீட்டர் இல்லாத நாளில் உள்ளங்கை. உங்கள் உள்ளங்கையை அதே நடுப்பகல் வெயிலில் பிடித்து சாதாரண மீட்டரால் அளந்து, மேலே சொன்ன வெயிலின் எஃப் 16 கணக்கோடு ஒப்பிட்டு எத்தனை ஸ்டாப் வித்தியாசம் என்று ஒரு முறை குறித்துக்கொள்ளுங்கள். பலருக்கு ஏறத்தாழ ஒரு ஸ்டாப் வரும். அந்த எண் உங்களோடேயே இருக்கும்.

மீட்டரே இல்லாமலும் எடுக்கலாம், கலர் நெகட்டிவ் என்றால். ஐஎஸ்ஓ 400 ஃபிலிம், 1/500 வேகம்: சுள்ளென்ற வெயிலுக்கு எஃப் 16, மங்கிய வெயிலுக்கு 11, மேகத்துக்கு 8, திறந்த நிழலுக்கு 5.6. இரவில் வீட்டு விளக்கில் 1/30, எஃப் 2. இரண்டு ஸ்டாப் கூடினாலும் நெகட்டிவ் தாங்கும், குறைந்தால்தான் கஷ்டம். அதனால் சந்தேகம் வந்தால் ஒரு ஸ்டாப் திறந்துவிடுவேன். ஸ்லைடில் இந்த விளையாட்டு வேண்டாம்.

வாங்கியதும் முதல் ரோலை நினைவுப் படங்களுக்குச் செலவழிக்காதீர்கள். மேகமில்லாத வானத்தை 1/1000, 1/500, 1/250 என்று ஒவ்வொரு வேகத்திலும் எக்ஸ்போஷர் மாறாதபடி அப்பர்ச்சரை (லென்ஸ் துவாரத்தை) சரிசெய்து எடுங்கள். நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்து ஃப்ரேமின் இடது ஓரத்தையும் வலது ஓரத்தையும் பாருங்கள். ஒரு பக்கம் அடர்த்தி குறைந்து வந்தால் இரண்டு திரைகளும் ஒரே வேகத்தில் ஓடவில்லை. அப்போதே மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள். இரண்டு ஓரமும் ஒரே அடர்த்தியில் வந்தால் அடுத்த ரோலைப் போடுங்கள், குமிழ் மீட்டரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு.