பின்பக்க ஸ்டிக்கரை உரித்துப் பார்க்காமல் ரிவேர்ப் பெட்டி வாங்காதீர்கள்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் வீட்டில் வைத்துப் பாட்டு ரெக்கோட் பண்ணுகிற தம்பி தங்கச்சிமாருக்காக இதை எழுதுகிறேன். ஜப்பானில் பாவித்துக் கழித்த ரிவேர்ப் (குரலுக்கு மண்டபத்து எதிரொலி கொடுப்பது), கொம்பிரசர் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைப்பது) பெட்டிகளை இங்கேயும் விற்கிறார்கள். அப்படி ஒரு ரிவேர்ப் பெட்டியையும், அதோடு சேர்த்து, கணினிக்குள் சத்தத்தை அனுப்பவும் வெளியே எடுக்கவும் வைக்கிற ஒரு ஓடியோ இன்டர்ஃபேஸையும் 94,000 ரூபாய்க்கு வாங்கி நான் பட்ட பாடு இது. கடையின் பெயரை எழுதவில்லை. முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும்.

கல்லடியில் எங்கள் வீட்டுப் பின்அறைதான் என் ஸ்டூடியோ. வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் கதவு திறந்து குளிர்த்திச் சடங்கு வரைக்கும் காவியம் படிப்பார்கள், உங்களுக்குத் தெரியும். அப்படிப் படிக்கிற ஐயா ஒருவரின் குரலையும் உடுக்கையையும் பதிந்து வைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. கோயில் மண்டபத்துக்குள் அவர் படிக்கும்போது குரல் சுவரில் பட்டுத் திரும்பி வருமே, அது என் சின்ன அறையில் வராது. கணினிக்குள் இருக்கிற ரிவேர்ப் ப்ளகின்களைப் போட்டால் என் பழைய இயந்திரம் திணறும். அதனால் வெளியே ஒரு நல்ல ரிவேர்ப் பெட்டியை வைத்து, குரலை அதற்குள் அனுப்பித் திரும்ப எடுக்கலாம் என்று முடிவு செய்தேன். காசில் பாதி அம்மாவின் சீட்டுக் காசு.

கடைக்காரர் அன்பாகத்தான் கதைத்தார். பெட்டியைப் போட்டுக் காட்டினார். மைக்கில் கதைக்கச் சொன்னார், அருமையாகக் கேட்டது. "அண்ணே, இது நம்மட கரண்டுக்குச் சரிதானே?" என்று நான் கேட்டது எனக்கு நல்ல ஞாபகம். "230 தான் தம்பி, நேரா சுவரில போடுங்க" என்றார். "உங்கட இன்டர்ஃபேஸில ரெண்டு அவுட்தான், இதுக்குக் காணாது" என்று சொல்லி நாலு அவுட் (சத்தம் வெளியே போகும் வழி) உள்ளது என்று இன்னொன்றையும் தந்தார். பெட்டி 58,000, இன்டர்ஃபேஸ் 36,000. பில்லில் "சவுண்ட் பெட்டி 1, கார்ட் 1" என்று மட்டும் எழுதினார். மொடலும் இல்லை, சீரியல் நம்பரும் இல்லை. அந்த இடத்திலேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து சுவர் பிளக்கில் போட்டேன். டிஸ்பிளே கண்ணைக் கூசுகிற மாதிரி எரிந்தது. உள்ளிருந்து உறுமல் ஒன்று, பிறகு வார்னிஷ் கருகுகிற மணம். நான் வயரை இழுப்பதற்குள் பெட்டி செத்துவிட்டது.

பின்பக்கத்தில் கடையின் விலை ஸ்டிக்கர் பெரிதாக ஒட்டியிருந்தது. அதை நகத்தால் உரித்தேன். அடியில் 100 வோல்ட், 50/60 ஹேர்ட்ஸ் என்று அச்சடித்திருந்தது. ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். நமக்கு 230. ஸ்டிக்கர் ஒட்ட அந்தப் பெட்டியில் எவ்வளவோ இடம் இருக்க, சரியாக அந்த எழுத்தின் மேல் ஒட்டியிருக்கிறார்கள்.

அடுத்த நாளே கொண்டுபோனேன். "நீங்க ஏதோ பிழையாப் போட்டிருக்கிறீங்க தம்பி, கடையில ஓடினதுதானே" என்றார். கடையில் எப்படி ஓடியது என்பது அப்போதுதான் தெரிந்தது. மேசைக்கு அடியில் துணி மூடிய இரும்புப் பெட்டி ஒன்று இருந்தது. 230 வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கிற ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்போமர். முதல் நாள் என் பெட்டியின் வயர் அதற்குள்தான் போயிருக்கிறது. அதைக் காட்டிக் கேட்டதும் மனிதரின் குரல் மாறியது. விற்ற சாமானைத் திருப்பி எடுப்பதில்லை என்றார். இன்னொரு ஆள் முன்னால் "தெரியாத வேலைக்கு ஏன் இறங்குறீங்க" என்றும் சொன்னார். காசு போனதைவிட அந்தச் சொல்தான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

நகரத்தில் பழைய ரேடியோ திருத்துகிற மாமா ஒருவரிடம் பெட்டியைக் கொடுத்தேன். திறந்த உடனே என்னைக் கூப்பிட்டு, "மகன், இங்க பாருங்க" என்றார். ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் செப்புக் கம்பியைச் சுற்றி வைத்திருந்தார்கள். 100 வோல்ட் ட்ரான்ஸ்போமரில் 230 ஏறினால் அது அளவுக்கு மிஞ்சிக் கரண்ட் இழுக்கும். ஒழுங்கான ஃபியூஸ் இருந்திருந்தால் அதுதான் முதலில் போயிருக்கும், பெட்டி தப்பியிருக்கக்கூடும். ஆக, இது எனக்கு முன்னமே ஒருதரம் ஃபியூஸ் போன பெட்டி. யாரோ கம்பியைச் சுற்றி விற்பனைக்கு வைத்திருக்கிறார்கள். வீடு எரிந்திருந்தால் யார் பதில் சொல்வது? மாமா ட்ரான்ஸ்போமரை 230க்குத் திரும்பச் சுற்றி, போன பாகங்களையும் மாற்றித் தந்தார். 11,500 ரூபாய் வாங்கினார். அந்தக் காசை நான் மனநிறைவோடு கொடுத்தேன்.

பெட்டி உயிர்த்தது. அடுத்தது இன்டர்ஃபேஸ்.

வெளிப் பெட்டியைப் பாவிப்பவர்களுக்கு இது முக்கியம் என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். கணினியிலிருந்து சத்தம் ஒரு லைன் அவுட் வழியாகப் பெட்டிக்குப் போய், பெட்டியிலிருந்து ஒரு லைன் இன்புட் வழியாகத் திரும்பி வர வேண்டும். ஸ்பீக்கருக்கு ஏற்கனவே 1, 2 அவுட் போய்விடும். ஆகவே பெட்டிக்கென்று 3, 4 தனியாக வேண்டும். எனக்கு விற்றதில் பின்னால் இரண்டே அவுட். முன்னால் உள்ள ஹெட்போன் ஓட்டையை 3, 4 என்று கணக்குக் காட்டியிருக்கிறார். சில இன்டர்ஃபேஸில் ஹெட்போன் உண்மையிலேயே தனியாக இயங்கும். இதில் 1, 2இல் போவதேதான் ஹெட்போனிலும் வந்தது. வாங்கும்போது மடிக்கணினியைக் கொண்டுபோய், சொஃப்ட்வெயாரில் அவுட்புட் பட்டியலைத் திறந்து பாருங்கள். அங்கே இரண்டு வரி மட்டும் இருந்தால் இரண்டுதான், கடைக்காரர் என்ன சொன்னாலும்.

அது தெரியாமல் நான் ஹெட்போனிலிருந்து வயர் எடுத்துப் பெட்டிக்குக் கொடுத்தேன். பெட்டியிலிருந்து திரும்பி வந்த சத்தம் மெயினுக்குப் போய், மெயின் மறுபடி பெட்டிக்குப் போய், சுற்றிச் சுற்றி ஏறி ஒரே ஊளை. இரவு பதினொரு மணி. அம்மா பயந்து எழும்பி வந்தார். ஸ்பீக்கருக்குக் கிட்டக் காதை வைத்திருந்தால் என் செவிப்பறை என்னவாகியிருக்கும் என்று நினைக்கவே நடுங்குகிறது.

இரண்டு அவுட் மட்டும் உள்ளவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. ஸ்பீக்கர் வயரைக் கழற்றி, அந்த 1, 2ஐயே பெட்டிக்குக் கொடுங்கள். குரல் ட்ரக்கை மட்டும் ஓடவிட்டு, திரும்பி வருவதை இன்னொரு ட்ரக்கில் பதியுங்கள். பதிகிற ட்ரக்கின் மொனிட்டரிங் (உள்ளே வருவதை உடனே வெளியே விடுவது) கட்டாயம் நிறுத்தியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதே ஊளைதான். பெட்டியில் ஈர ஒலி, அதாவது மூலக் குரல் கலக்காத எதிரொலி மட்டும் வரும்படி வையுங்கள். கேட்டுக்கொண்டு திருத்த முடியாது, பொறுமை வேண்டும். ஆனால் வேலை நடக்கும். ஐயாவின் முதல் இரண்டு பாட்டையும் நான் இப்படித்தான் முடித்தேன்.

பிறகு ஒரு நண்பர் நாலு அவுட் உள்ள இன்டர்ஃபேஸை இரவல் தந்தார். நான் பாவிப்பது ரீப்பர் என்ற ரெக்கோடிங் சொஃப்ட்வெயார். அதில் ரீஇன்சேர்ட் என்று ஒன்று உண்டு. எந்த அவுட்டில் போக, எந்த இன்புட்டில் வர என்று சொன்னால் போதும். சத்தம் போய்வர எடுக்கும் நேரத்தை அது பிங் என்ற ஒரு சிறு சத்தத்தை அனுப்பி அளந்து ஈடுகட்டும். 44,100 சாம்பிள் ரேட்டில் (ஒரு செக்கனுக்கு 44,100 துண்டு) 10 மில்லிசெக்கன் பிந்தினால் அது 441 சாம்பிள். ரிவேர்ப்பில் இந்தப் பிந்தல் பெரிதாகத் தெரியாது. ஆனால் இதை ஈடுகட்டாமல் கொம்பிரசரை மூலக் குரலோடு கலந்து பாவித்தால் குரல் குழாய்க்குள் இருந்து வருவது போலாகிவிடும், உடுக்கையின் அடி மழுங்கும்.

பெட்டியின் பின்னால் சத்தத்தின் லெவலைத் தெரிவு செய்ய +4, −10 என்று சுவிட்ச் இருந்தால் அதையும் பாருங்கள். இரண்டுக்கும் ஏறத்தாழ 12 டெசிபல் வித்தியாசம். பிழையான பக்கம் இருந்தால் குரல் கிழியும், அல்லது இரைச்சல் மேலே வரும். கடைசியில் பாட்டை வெளியே எடுக்கும்போது ஓன்லைன் ரெண்டரை, அதாவது பாட்டு ஓடுகிற வேகத்திலேயே எடுப்பதைப் போடுங்கள். பெட்டியால் வேகமாக ஓட முடியாது. ஆறு நிமிடப் பாட்டுக்கு ஆறு நிமிடம் காத்திருக்கத்தான் வேண்டும்.

பாவித்த பெட்டி வாங்கப் போகிறவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது: பின்பக்கத்தில் எந்த ஸ்டிக்கர் இருந்தாலும் காசு கொடுக்கு முன் உரிக்கச் சொல்லுங்கள். கடையில் ஓட்டிக் காட்டும்போது பவர் வயர் எங்கே போகிறது என்று சுவர் வரைக்கும் கண்ணால் தொடருங்கள். 100 வோல்ட் பெட்டி கெட்ட சாமான் இல்லை, 100 வோல்ட் கொடுக்கிற ஸ்டெப் டவுன் இருந்தால் நன்றாக ஓடும். கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் 110 கொடுப்பது, அது சூடேற்றும், கேட்டு வாங்குங்கள். நம் பக்கத்து உப்புக் காற்றில் ஜக் ஓட்டைகளும் கறள் பிடித்திருக்கும், வயரை ஆட்டிப் பாருங்கள். பில்லில் மொடல், சீரியல் நம்பர், "230 வோல்ட்" என்ற சொல் மூன்றையும் எழுதி வாங்குங்கள்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், பிந்தாதீர்கள். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் கேட்கலாம். ஸ்டிக்கரை உரித்த படம், கருகிய ட்ரான்ஸ்போமரின் படம், அந்தச் செப்புக் கம்பி எல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

போன கிழமை அந்தக் கடைப்பக்கம் போனேன். கண்ணாடி அலுமாரிக்குள் அதே மாதிரிப் பெட்டி இன்னும் இரண்டு இருக்கின்றன. இரண்டின் பின்பக்கத்திலும், அதே இடத்தில், விலை ஸ்டிக்கர்.