மஹிந்திரா தாரில் ஏர் கம்ப்ரெசர் மாட்டப் போகிறீர்களா? பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

கோவையில் ஒரு ஆக்சசரீஸ் கடையில் என் மஹிந்திரா தாருக்கு ஆன்போர்டு ஏர் கம்ப்ரெசர் மாட்டினேன். கம்ப்ரெசர் 12,000, காற்று சேர்த்து வைக்கும் டேங்க் 4,500, மாட்டுக்கூலி 2,500, ஆக மொத்தம் 19,000 ரூபாய். சில வாரங்களில் பானட்டுக்குள் வயர் உருகிப் புகை வந்தது. பேட்டரி டெர்மினலை உடனே கழற்ற முடிந்ததால் வண்டி தப்பியது. புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை. ஆனால் என்னென்ன செய்தார்கள் என்பதை விலாவாரியாகச் சொல்கிறேன். இதே வேலையை இதே லட்சணத்தில் செய்துகொடுக்கும் கடைகள் நிறைய இருக்கின்றன.

புதிதாக வண்டி வாங்கியவர்களுக்காக ஒரு வார்த்தை. மணலிலும் பாறையிலும் இறங்கும்போது டயரில் காற்றைக் குறைக்கிறோம். 32 பிஎஸ்ஐயில் (காற்றழுத்த அளவு) இருப்பதை 16, 18க்கு இறக்கினால் டயர் தரையில் அகலமாகப் படிந்து பிடிப்புக் கிடைக்கும். திரும்பத் தார் ரோட்டுக்கு வந்ததும் காற்று பிடித்தே ஆக வேண்டும். அந்த இடத்தில் பஞ்சர் கடை இருக்காது. அதற்குத்தான் வண்டியிலேயே கம்ப்ரெசர்.

கடையில் காட்டிய பெட்டியில் நிமிடத்துக்கு 180 லிட்டர், 150 பிஎஸ்ஐ என்று பெரிதாகப் போட்டிருந்தது. "ஆஸ்திரேலியா பீஸ் அம்பதாயிரம் சொல்றாங்க சார், அதே பவர்தானுங்க இது" என்றார் கடைக்காரர். இந்தப் பொய்யைக் கண்டுபிடிக்க பெட்டியிலேயே வழி இருந்தது. உள்ளே கொடுத்திருந்த ஃபியூஸ் 30 ஆம்பியர். 12 வோல்ட்டில் 30 ஆம்பியர் என்றால் 360 வாட்ஸ். ஆஸ்திரேலியக் கம்பெனியான ஏஆர்பியின் இரட்டை மோட்டார் கம்ப்ரெசர் நிமிடத்துக்கு 174 லிட்டர் தருகிறது, ஆனால் அது இழுப்பது 50 ஆம்பியருக்கு மேல். பாதி மின்சாரத்தில் அதைவிட அதிகக் காற்று எங்கிருந்து வரும்? பிறகு கழற்றிப் பார்த்தபோது 180 என்ற ஸ்டிக்கருக்கு அடியில் இன்னொரு லேபிள் இருந்தது. அதில் 70 லிட்டர்.

அந்த 70 லிட்டரும்கூட எதிரழுத்தமே இல்லாமல் வெறும் காற்றில் ஓடும்போது கிடைக்கும் அளவு. டயரில் 25, 30 பிஎஸ்ஐ ஏறிய பிறகு இன்னும் குறையும். பெட்டியில் எழுதிய எண்ணைவிட 30 பிஎஸ்ஐயில் எவ்வளவு தரும் என்ற எண்தான் நமக்கு வேண்டும். நல்ல கம்பெனிகள் அதைத் தனியாக அச்சடிக்கும். அச்சடிக்காத பெட்டியைப் பற்றி நான் வேறு சொல்லத் தேவையில்லை.

அடுத்தது டேங்க். "டேங்க் இருந்தா டயர் சட்டுனு ஏறிரும் சார்" என்று சொல்லி நான்கு லிட்டர் டேங்க் ஒன்றைத் தலையில் கட்டினார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 120 பிஎஸ்ஐ வரை நிரப்பிய டேங்க் 32க்கு இறங்கும்வரை தரும் காற்று ஏறத்தாழ 24 லிட்டர். என் 255/65 ஆர்18 டயர் ஒன்றை 16லிருந்து 32க்கு ஏற்ற 70 லிட்டர் அளவுக்குக் காற்று வேண்டும். ஆக டேங்க் முழுவதும் சேர்ந்து ஒரு டயரில் மூன்றில் ஒரு பங்கு. அதன் பிறகு கம்ப்ரெசர்தான் ஓட வேண்டும், டேங்கையும் அதுதான் நிரப்ப வேண்டும். ஏர் ஹாரன் அடிக்கவும் ஏர் லாக்கர் (இரண்டு சக்கரமும் சேர்ந்தே சுழலும்படி பூட்டுவது) போடவும் சின்ன டேங்க் உதவும். டயருக்கு அது வெறும் பாரம். போதாததற்கு இதில் சேஃப்டி வால்வும் இல்லை, தண்ணீர் வடிக்கும் காக்கும் இல்லை. அழுத்தம் ஏறியதும் மோட்டாரை நிறுத்தும் பிரஷர் ஸ்விட்ச் ஒட்டிக்கொண்டால் அழுத்தம் எங்கே போய் நிற்கும் என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

இவ்வளவும் காசு நஷ்டம், அவ்வளவுதான். உயிருக்கு ஆபத்தானது வயரிங்.

ஓடும்போது நிறைய நேரம் எடுக்கிறதே என்று முதலிலேயே ஃபோன் செய்தேன். ஒரு டயருக்கு நான்கு நிமிடத்துக்கு மேல் ஆனது. "புது மோட்டாருங்க சார், ஓட ஓட ஃப்ரீ ஆயிரும்" என்றார். அடுத்த முறை ஆனைமலைப் பக்கம் நண்பரின் தோப்பில் ஓட்டிவிட்டுக் காற்று பிடித்துக்கொண்டிருந்தபோதுதான் டேஷ்போர்டு ஸ்விட்ச் கொழகொழவென்று ஆகி, பானட்டிலிருந்து புகை வந்தது. கடைக்குக் கொண்டுபோனால், "ரொம்ப நேரம் விடாம ஓட்டிட்டீங்க சார், காயில் வாரண்டியில வராதுங்க." திறந்துகூடப் பார்க்கவில்லை. மோட்டாருக்குள் இருக்கும் காயிலுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது பிறகு தெரிந்தது.

கணபதியில் பழைய ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் இருக்கிறார். அவரிடம் விட்டேன். பிளேடால் வயரைச் சீவிக் காட்டினார். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. "இதப் பாருங்க தம்பி, அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு. இத வச்சு ஸ்பீக்கர்கூடப் போட மாட்டேன்." வெளியே பார்க்கச் சுண்டுவிரல் தடிமன். ரப்பரை உரித்தால் ஒன்றரை ஸ்கொயர் எம்எம். அலுமினியம் கலந்த வயருக்கு அதே தடிமன் செம்பைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு மின்தடை. பேட்டரியிலிருந்து ஸ்விட்ச் வழியாகக் கம்ப்ரெசருக்குப் போய்த் திரும்பி வர ஆறு மீட்டர் வைத்தால், 30 ஆம்பியருக்கு மூன்று வோல்ட்டுக்கு மேல் வயரிலேயே போய்விடும். என்ஜின் ஓடும்போது 14 வோல்ட் இருந்தாலும் மோட்டாருக்குக் கிடைப்பது 11க்குக் கீழே. அதனால்தான் அவ்வளவு மெதுவாக ஓடியது. மீதி 90 வாட்ஸுக்கு மேல் வயரைச் சூடாக்குகிறது, அதுவும் ஏற்கெனவே கொதிக்கும் பானட்டுக்குள். அதே தூரத்துக்கு ஆறு ஸ்கொயர் எம்எம் சுத்தச் செம்பு போட்டிருந்தால் இழப்பு அரை வோல்ட்.

ஃபியூஸ் இருந்ததே, அது ஏன் போகவில்லை என்று கேட்டேன். ஃபியூஸ் இருப்பது வயரைக் காப்பாற்ற. வயரே 30 ஆம்பியர் தாங்காது என்றால் 30 ஆம்பியர் ஃபியூஸ் சும்மா வேடிக்கைதான் பார்க்கும். அதிலும் அதை மாட்டியிருந்தது பேட்டரி பக்கத்தில் இல்லை, டேஷ்போர்டுக்கு அடியில், ஸ்விட்ச் முனையில். பேட்டரியிலிருந்து அதுவரை வரும் வயருக்குப் பாதுகாப்பே கிடையாது. அந்த வயரை ஃபயர்வாலில் (என்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் இருக்கும் தகடு) ஓட்டை போட்டு, ஓட்டை விளிம்பை மூடும் ரப்பர் குரோமெட் இல்லாமல், தகடு விளிம்பில் உரசும்படி விட்டிருந்தார்கள். உரசி உரசித் தகட்டில் பட்டால் பேட்டரியின் முழு மின்சாரமும் பாடி வழியாகப் பாயும், நிறுத்த எதுவும் இல்லை. வண்டி அப்படி எரிந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பது இந்த வெளி வயரிங்கைப் பற்றித்தான்.

ரிலே, அதாவது சின்ன ஸ்விட்ச் சொன்னதும் பெரிய மின்சாரத்தைத் தானே ஆன் செய்யும் பாகம், இல்லவே இல்லை. 16 ஆம்பியர் என்று அச்சடித்த சின்ன ராக்கர் ஸ்விட்ச் வழியாக மொத்த லோடும் போய்க்கொண்டிருந்தது. 40 ஆம்பியர் ரிலே ஒன்று நூறு, இருநூறு ரூபாய்தான் இருக்கும். 19,000 வாங்கிக்கொண்டு அதைக்கூட மிச்சம் பிடித்திருக்கிறார்கள்.

காற்றுக் குழாய் கதை தனி. கம்ப்ரெசரில் இருப்பது என்பிடி என்ற அமெரிக்க அளவு மரை. நம்மூர்க் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் நிப்பிள் எல்லாம் பிஎஸ்பி என்ற பிரிட்டிஷ் அளவு. கால் இஞ்ச் அளவில் என்பிடிக்கு இஞ்சுக்கு 18 மரை, பிஎஸ்பிக்கு 19, கோணமும் வேறு. இரண்டு சுற்று ஏறும், அப்புறம் கடிக்கும். கடை ஆட்கள் டெஃப்லான் டேப்பை வண்டி வண்டியாகச் சுற்றி ஸ்பானரால் முறுக்கிவிட்டிருந்தார்கள். சோப்புத் தண்ணீர் தடவியதும் மூட்டுக்கு மூட்டு நுரை. காற்று கசிந்தால் பிரஷர் ஸ்விட்ச் கட் ஆக வேண்டிய அழுத்தத்தை எட்டவே எட்டாது, மோட்டார் நிற்காமல் ஓடும். "விடாம ஓட்டிட்டீங்க" என்று என் மேல் போட்டது இதைத்தான். கம்ப்ரெசரிலிருந்து வரும் காற்று கைவைக்க முடியாத சூடு. அதன் வாயிலேயே நேராக நீல நிற பியூ பிளாஸ்டிக் டியூப்பைச் சொருகியிருந்தார்கள், அது இளகி வாய் விரிந்துபோய் இருந்தது. முதல் ஒரு மீட்டராவது ஸ்டீல் பின்னல் போட்ட ஹோஸ் வேண்டும்.

அந்த எலக்ட்ரீஷியன் அண்ணன் ஆறு ஸ்கொயர் செம்பு வயர், பேட்டரியை ஒட்டி 40 ஆம்பியர் ஃபியூஸ், இக்னிஷனில் இருந்து எடுத்த ரிலே, சரியான என்பிடி நிப்பிள்கள், பின்னல் ஹோஸ் எல்லாம் போட்டு, டேங்கைக் கழற்றி எறிந்து, 3,200 ரூபாய் வாங்கினார். கம்ப்ரெசர் அதே மலிவுக் கம்ப்ரெசர்தான். இப்போது ஒரு டயர் இரண்டு நிமிடத்தை ஒட்டி ஏறிவிடுகிறது. மலிவு மோட்டார் மோசம் என்று சொல்பவர்களோடு நான் சேர மாட்டேன். அதைச் சுற்றி நடக்கும் வேலைதான் மோசம்.

கடையில் வண்டியை விடுவதற்கு முன் வயரை வாங்கி நீங்களே சீவிப் பாருங்கள். ஃபியூஸ் எங்கே வரும், ரிலே உண்டா என்று கேளுங்கள். ரிலே என்றதும் "அதெல்லாம் தேவையில்லைங்க" என்றால் கிளம்பிவிடுங்கள். பெட்டியில் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, எம்ஆர்பி, தயாரித்த நாடு கட்டாயம் இருக்க வேண்டும், சட்டம் அப்படி. ஜிஎஸ்டி எண்ணோடு பில் வாங்குங்கள். எனக்கு லெட்டர்பேடில் "கிட் ஃபிட்டிங்" என்று கிறுக்கிக் கொடுத்ததை மாற்றி வாங்க நான் பட்ட பாடு தனி. வருஷத்துக்கு இரண்டு தடவைதான் ஓட்டுவீர்கள் என்றால் இதெல்லாம் எதற்கு? பேட்டரியில் நேராகக் கிளிப் மாட்டும் கையடக்கக் கம்ப்ரெசரை டிக்கியில் போட்டுக்கொள்ளுங்கள்.

புகார் பற்றிக் கேட்பவர்களுக்கு: 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்தேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் இல்லை, பிரச்சினை நடந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். உரித்த வயர், ஸ்டிக்கருக்கு அடியில் இருந்த லேபிள், உருகிய ஸ்விட்ச் மூன்றையும் படம் எடுத்து, பொருளையும் கவரில் போட்டு வைத்திருக்கிறேன். 1915க்குப் பிறகு அதுவரை ஃபோன் எடுக்காத கடைக்காரர் தானாகவே கூப்பிட்டார். டேங்க் காசு 4,500ஐ மட்டும் தருகிறேன், அதோடு முடித்துக்கொள்ளலாம் என்கிறார். வயரிங் செலவும் மாட்டுக்கூலியும் சேர்த்துத் தந்தால் பேசலாம் என்று எழுத்தில் அனுப்பியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.